திரையில் ஒரு தொகை, வீட்டில் வேறொரு தொகை

வீட்டுச் சீரமைப்புத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் உரிமையாளரின் பட்ஜெட்டை எவ்வாறு கையாள்கின்றன, கணக்கில் விடுபட்டதை யார் சுமக்கிறார்கள்: ஒரு சிறப்புக் கட்டுரை

அமெரிக்க, கனடிய வீட்டுச் சீரமைப்பு நிகழ்ச்சிகளின் இறுதிக் காட்சி பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் அமைகிறது. வாசலில் கண்களை மூடி நிற்கும் தம்பதியர் தொகுப்பாளர் சொன்னதும் கண் திறக்கிறார்கள்; தடுப்புச் சுவர்களால் இருண்டு கிடந்த கூடம் சமையலறையோடு இணைந்து ஒரே வெளியாக விரிந்திருக்கிறது; புதிய பளிங்கு மேடையின் மேல் பழங்கள் நிறைந்த கிண்ணமும், சன்னலோரம் புதிய சோபாவும், சுவரில் புதிய ஓவியங்களும் காத்திருக்கின்றன; உரிமையாளர் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளும்போது, வீடு வாங்கிய விலை இவ்வளவு, சீரமைப்புச் செலவு இவ்வளவு, இன்றைய மதிப்பு இவ்வளவு என்று மூன்று தொகைகள் திரையின் கீழ்ப்பகுதியில் தோன்றி மறைகின்றன. கண்ணீரும் வியப்பும் படப்பிடிப்புக்காக ஓரளவு ஒழுங்குபடுத்தப்பட்டவை என்பதைப் பார்வையாளர்களில் பலர் இன்று அறிந்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தொகைகளை மட்டும் அவர்கள் உண்மைத் தகவலாகவே எடுத்துக்கொண்டு, தங்கள் வீட்டுச் சமையலறைக்கும் குளியலறைக்கும் அவற்றையே அளவுகோலாக வைக்கிறார்கள்.

இந்த வகை நிகழ்ச்சிகளில் மிகக் குறைவாக விளக்கப்படுவதும், எவராலும் தணிக்கை செய்யப்படாததும் அந்தச் சீரமைப்புச் செலவுத் தொகைதான் என்பதே இதிலுள்ள சிக்கல். கூலியில் எவ்வளவு அதில் சேர்ந்தது, பொருள்களில் எவை விளம்பரதாரர் தந்தவை, மேசை நாற்காலிகள் யாருக்குச் சொந்தம், உயரப்போகும் சொத்து வரியை யார் கட்டுவார் என்ற கேள்விகளில் ஒன்றுக்கும் நிகழ்ச்சி பதில் சொல்வதில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் அமெரிக்க நீதிமன்றங்களுக்கும் அரசு அமைப்புகளுக்கும் வந்த பல பிணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், திரையில் விடுபட்ட செலவு எங்கும் மறைந்துவிடவில்லை என்பதும், அதை யாரோ ஒருவர் கட்டியிருக்கிறார் என்பதும், அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டு உரிமையாளரே என்பதும் தெளிவாகின்றன.

500 பவுண்டில் தொடங்கிய வழக்கம்

வீட்டு வேலையைத் தொலைக்காட்சித் தொடராக்கிய முன்னோடி நிகழ்ச்சி, பாஸ்டன் நகரின் பொதுத் தொலைக்காட்சி நிலையமான டபிள்யூ.ஜி.பி.எச். 1979-இல் தொடங்கிய 'திஸ் ஓல்ட் ஹவுஸ்'. ஒரே வீட்டைப் பல வாரங்கள் தொடர்ந்து காட்டி, தச்சரும் குழாய்ப் பணியாளரும் தம் வேலையை விளக்கிய அந்த நிகழ்ச்சியில் கைத்திறனே மையமாக இருந்தது. பட்ஜெட்டை விளையாட்டு விதியாக மாற்றியது 1996-இல் பி.பி.சி. தொடங்கிய 'சேஞ்சிங் ரூம்ஸ்'. அண்டை வீட்டார் இருவர் வீடு மாற்றிக்கொண்டு, ஒருவர் வீட்டு அறையை மற்றவர் இரண்டு நாட்களில் 500 பவுண்டுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்பது அதன் விதி. அதன் அமெரிக்க வடிவமான 'டிரேடிங் ஸ்பேசஸ்' 2000-இல் டி.எல்.சி. அலைவரிசையில் 1,000 டாலர் வரம்போடு வந்தது. அந்த 500 பவுண்டும் 1,000 டாலரும் பொருள்களுக்கான வரம்பு மட்டுமே. நிகழ்ச்சியின் தச்சர், வடிவமைப்பாளர், அவர்களுக்குத் துணை நின்ற குழு ஆகியோரின் உழைப்பு அதில் அடங்கவில்லை. கூலியைச் சேர்க்காத ஒரு தொகையை 'பட்ஜெட்' என்று அழைக்கும் வழக்கம் அங்கேயே வேர்விட்டது.

*பெட்டிச் செய்தி: கால வரிசை*

• 1979: 'திஸ் ஓல்ட் ஹவுஸ்', பாஸ்டன்.
• 1994: வீட்டையும் தோட்டத்தையும் மட்டுமே பொருளாகக் கொண்ட ஹெச்.ஜி.டி.வி. அலைவரிசை டிசம்பர் 30 அன்று தொடக்கம்.
• 1996: 'சேஞ்சிங் ரூம்ஸ்', பிரிட்டன், வரம்பு 500 பவுண்ட்.
• 1999: பிரிட்டனின் சேனல் 4-இல் 'கிராண்ட் டிசைன்ஸ்', அமெரிக்காவில் 'ஹவுஸ் ஹண்டர்ஸ்'.
• 2000: 'டிரேடிங் ஸ்பேசஸ்', அமெரிக்கா, வரம்பு 1,000 டாலர்.
• 2003: ஏ.பி.சி. அலைவரிசையில் 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்'; ஏழு நாட்களில் புது வீடு.
• 2008: கனடாவில் 'லவ் இட் ஆர் லிஸ்ட் இட்'.
• 2013: டெக்சாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரிலிருந்து 'ஃபிக்ஸர் அப்பர்'.
• 2018: ஹெச்.ஜி.டி.வி.யின் உரிமையாளரான ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தை டிஸ்கவரி வாங்கியது.

கதைக்குத் தேவைப்படும் எண்

இவ்வகை நிகழ்ச்சிகளை 'முன்வரைவு கொண்டவை' என்று குறிப்பிடும்போது, ஒவ்வொரு வசனமும் எழுதிக் கொடுக்கப்படுகிறது என்று பொருளல்ல. எந்தக் கட்டத்தில் மகிழ்ச்சி, எந்தக் கட்டத்தில் சிக்கல், எந்தக் கட்டத்தில் முடிவு என்ற சட்டகம் முன்பே வகுக்கப்பட்டு, நிகழ்ந்தவை அதற்குள் பொருத்தப்படுகின்றன என்பதே பொருள். 'ஹவுஸ் ஹண்டர்ஸ்' இதற்குத் தெளிவான சான்று. மூன்று வீடுகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாகக் காட்டும் அந்நிகழ்ச்சியில் பங்கேற்க, வாங்குபவர் ஒரு வீட்டை ஏற்கெனவே முடிவு செய்திருக்க வேண்டும் என்பதை 2012-இல் பங்கேற்பாளர் ஒருவர் வெளிப்படுத்தினார். தயாரிப்புக் கால அளவைக் கட்டுக்குள் வைப்பதற்காக, வீடு தேடலில் வெகுதூரம் வந்துவிட்ட குடும்பங்களையே தேர்ந்தெடுப்பதாக அலைவரிசையும் ஒப்புக்கொண்டது. 'ஃபிக்ஸர் அப்பர்' நிகழ்ச்சியிலும் வீட்டுக்கான ஒப்பந்தம் படப்பிடிப்புக்கு முன்பே முடிந்திருந்தது என்று பங்கேற்றவர்கள் கூறியிருக்கிறார்கள்.

பட்ஜெட்டும் இச்சட்டகத்தின் ஓர் உறுப்பாகவே இயங்குகிறது. அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ ஓடும் நிகழ்ச்சியின் நடுப்பகுதியில் சுவருக்குள் பழைய மின்கம்பியோ, தரைக்கடியில் அரித்துப்போன உத்திரமோ, கூரையில் ஆஸ்பெஸ்டாஸோ கண்டுபிடிக்கப்படுகிறது. அதைச் சரிசெய்ய எட்டாயிரம் அல்லது பத்தாயிரம் டாலர் கூடுதலாக வேண்டும் என்று தொகுப்பாளர் அறிவிக்கிறார். உரிமையாளர் முகம் வாட, ஏதேனும் ஒரு விருப்பம் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது. 'லவ் இட் ஆர் லிஸ்ட் இட்' நிகழ்ச்சியில் இந்தத் திருப்பம் ஏறக்குறைய ஒவ்வொரு பகுதியிலும் இடம்பெறுகிறது. பழைய வீடுகளில் மறைந்திருக்கும் பழுதுகள் உண்மையானவை. அவற்றுக்காகவே மதிப்பீட்டில் பத்து முதல் இருபது விழுக்காடு வரை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கி வைப்பது கட்டுமானத் துறையில் நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது. ஆனால் அந்த ஒதுக்கீடு திரையில் முன்கூட்டியே பேசப்பட்டுவிட்டால் நடுப்பகுதித் திருப்பத்துக்கு இடமிருக்காது. ஆகவே கவனமுள்ள எந்த ஒப்பந்தக்காரரும் முதல் நாளிலேயே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று, அதிர்ச்சிச் செய்தியாகக் காத்து வைக்கப்படுகிறது. எதிர்பாராச் செலவை விதியின் விளையாட்டாகப் பார்க்கப் பார்வையாளர் பழகுகிறார், திட்டமிட வேண்டிய ஒன்றாக அல்ல.

பிரிட்டனின் 'கிராண்ட் டிசைன்ஸ்' இதற்கு எதிர்த்திசையில் இயங்குவது. அதன் தொகுப்பாளர் கெவின் மெக்கிளவுட் தொடக்கத்திலேயே தொகையைக் கேட்டுப் பதிவு செய்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் திரும்பி வந்து, அது எவ்வளவு மீறப்பட்டது என்று கேட்கிறார். வடக்கு டெவனின் குரோய்ட் கடற்கரையில் கலங்கரை விளக்க வடிவில் எழுந்த வீட்டைப் பற்றி 2019-இல் ஒளிபரப்பான பகுதி, கட்டுமானம் பல ஆண்டுகள் இழுபட்டு, உரிமையாளர் பல லட்சம் பவுண்ட் கடனில் ஆழ்ந்ததையும் குடும்பம் பிரிந்ததையும் மறைக்காமல் காட்டியது. செலவு மீறலை மறைக்காமல் காட்டியும் ஒரு நிகழ்ச்சி கால் நூற்றாண்டுக்கு மேல் மக்களை ஈர்க்க முடியும் என்பதை இது நிறுவுகிறது; உண்மைக் கணக்கு பார்வையாளரைச் சலிப்படையச் செய்யும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு தேவையில்லை.

கணக்கில் சேராதவை

ஹெச்.ஜி.டி.வி. வகை நிகழ்ச்சிகளில் சீரமைப்புச் செலவின் பெரும்பகுதியைக் கட்டுபவர் தயாரிப்பு நிறுவனமல்ல, உரிமையாளர். 'ஃபிக்ஸர் அப்பர்' விண்ணப்பதாரர்கள் சீரமைப்புக்கு மட்டும் குறைந்தது 30,000 டாலர் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கப்பட்டார்கள். இதற்கு ஈடாக அவர்கள் பெறுபவையும் மதிப்புள்ளவையே: புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் நேரம், விளம்பரதாரர் தள்ளுபடியில் தரும் பொருள்கள், சில வேளைகளில் தயாரிப்பு நிறுவனமே ஏற்கும் ஓர் அறையின் செலவு, நிகழ்ச்சியில் தோன்றுவதற்கான சிறு தொகை. பங்கேற்றவர்களில் பலர் நிறைவோடு வாழ்கிறார்கள் என்பதையும் மறுக்க இயலாது. ஆனால் இந்தச் சலுகைகளின் மதிப்பு திரையில் தோன்றும் தொகையிலிருந்து கழிக்கப்பட்டதா, அதோடு கூட்டப்பட்டதா என்பதைப் பார்வையாளர் அறிய வழியில்லை; அறியாத நிலையில், புகழின் பேரில் கிடைத்த தள்ளுபடி விலையைச் சந்தை விலை என்று அவர் நம்பிவிடுகிறார்.

அறைக்கலன்களின் நிலை இன்னும் தெளிவானது. 'ஃபிக்ஸர் அப்பர்' வீடுகளின் இறுதிக் காட்சியில் தென்பட்ட சோபா, உணவு மேசை, திரைச்சீலை, அலங்காரப் பொருள்கள் ஆகியவற்றில் பெரும்பாலானவை படப்பிடிப்புக்காக வைக்கப்பட்டவை என்றும், உரிமையாளர் விலை கொடுத்து வாங்கினாலன்றி அவை திரும்ப எடுத்துச் செல்லப்பட்டன என்றும் பங்கேற்றவர்கள் வெளிப்படையாகக் கூறியிருக்கிறார்கள். பார்வையாளரின் மனத்தில் பதிவதோ முழுமையாக நிரப்பப்பட்ட அறையும் அதன் கீழே ஒரே தொகையும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்று அவர் கருதுவதில் வியப்பில்லை.

பழைய வீட்டை வாங்கிச் செப்பனிட்டு விற்கும் 'ஃபிளிப்பிங்' நிகழ்ச்சிகளில் இதே விடுபடல் இலாபக் கணக்காக வடிவெடுக்கிறது. விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையையும் சீரமைப்புச் செலவையும் கழித்து மீதியை இலாபம் என்று காட்டும்போது, வீடு விற்கும் வரை ஓடிக்கொண்டிருக்கும் கடன் வட்டி, காப்பீடு, சொத்து வரி, தரகர் பங்கு, பத்திரச் செலவு, வருமான வரி ஆகியவை பல வேளைகளில் பேசப்படுவதே இல்லை; அந்த எண்ணை நம்பித் தொழிலில் இறங்குபவருக்கு, மாதாமாதம் கட்ட வேண்டிய அத்தொகைகளே முதல் பாடமாக அமைகின்றன.

*பெட்டிச் செய்தி: திரைத் தொகையில் பெரும்பாலும் விடுபடுபவை*

• வடிவமைப்பாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர் ஆகியோரின் கட்டணம்.
• கட்டட அனுமதி, ஆய்வுக் கட்டணங்கள்.
• கூலியின் முழுச் சந்தை மதிப்பு. விரைவுப் பணிக்கான கூடுதல் கூலி.
• விளம்பரதாரர் இலவசமாகவோ தள்ளுபடியிலோ தந்த பொருள்களின் விலை.
• காட்சிக்காக மட்டும் வைக்கப்பட்ட அறைக்கலன்கள்.
• வேலை நடக்கும் மாதங்களில் குடும்பம் வேறிடத்தில் தங்கும் வாடகை.
• மதிப்பு உயர்ந்த வீட்டுக்கான சொத்து வரி, காப்பீடு, மின் கட்டணம், பராமரிப்பு.

பணம் யாரிடம் செல்கிறது?

வழக்கமான வீட்டு வேலையில் உரிமையாளர் ஒப்பந்தக்காரரோடு நேரடியாக உடன்படிக்கை செய்து, வேலை முடியும் அளவைப் பொறுத்துத் தவணை முறையில் பணம் தருகிறார். வேலை பிடிக்கவில்லையெனில் அடுத்த தவணையை நிறுத்தி வைக்கும் உரிமையே அவருடைய முதன்மையான பாதுகாப்பு. தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இவ்விருவருக்கும் இடையே தயாரிப்பு நிறுவனம் நுழையும்போது அந்தப் பாதுகாப்பு தளர்ந்துவிடக்கூடும் என்பதை 2016-இல் வட கரோலினா மாநிலத்தில் தொடரப்பட்ட வழக்கு பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. 'லவ் இட் ஆர் லிஸ்ட் இட்' நிகழ்ச்சியில் பங்கேற்ற தம்பதியர், அதன் தயாரிப்பு நிறுவனமான பிக் கோட் மீதும் உள்ளூர் ஒப்பந்தக்காரர் மீதும் தொடுத்த அந்த வழக்கில், தாங்கள் நிறுவனத்திடம் செலுத்திய 1,40,000 டாலரில் ஏறத்தாழ 85,000 டாலர் மட்டுமே ஒப்பந்தக்காரரைச் சென்றடைந்தது என்றும், தரையில் துளைகள் விடப்பட்டன, சன்னல்கள் திறக்க முடியாதபடி வண்ணம் பூசப்பட்டன என்றும் குற்றஞ்சாட்டினார்கள். நிறுவனம் அவற்றை மறுத்து, தன் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கப்பட்டதாக எதிர்வழக்குத் தொடர்ந்தது. குற்றச்சாட்டுகளில் எது உண்மை என்ற கேள்வியைத் தாண்டி, உரிமையாளரின் சேமிப்பு முதலில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்து, பிறகு அங்கிருந்து வேலைத்தளத்துக்குப் பிரித்தளிக்கப்படும் அமைப்பு முறையை அந்த வழக்கு வெளிச்சமிட்டது.

2021-இல் நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகஸ் நகரத் தம்பதியர், 'பிராப்பர்ட்டி பிரதர்ஸ்: ஃபாரெவர் ஹோம்' நிகழ்ச்சிக்காகத் தங்கள் வீட்டில் நடந்த வேலை தரக்குறைவானது என்று கூறித் தயாரிப்பு நிறுவனமான சினிஃபிளிக்ஸ் மீதும் ஒப்பந்தக்காரர் மீதும் வழக்குத் தொடர்ந்தார்கள்; அவர்கள் சீரமைப்புக்காகச் செலுத்தியதாகக் கூறிய தொகை ஏறத்தாழ 1,93,000 டாலர். 2022 ஜனவரியில், மேக்னோலியா அலைவரிசையின் 'ஹோம் வொர்க்' நிகழ்ச்சியில் பங்கேற்ற யூட்டா மாநில உரிமையாளர்கள் சிலர், சொன்ன தொகையையும் சொன்ன காலத்தையும் மீறி வேலை இழுக்கப்பட்டது என்று பகிரங்கமாகக் கூறியதையடுத்து, அலைவரிசை அந்நிகழ்ச்சியை நிறுத்தி வைத்தது. பின்னர், தீய நோக்கம் எதுவும் காணப்படவில்லை என்று அறிவித்து மீண்டும் ஒளிபரப்பியது. தொகுப்பாளர்கள் தரப்பும் குற்றச்சாட்டுகளை மறுத்தது.

மூன்று பிணக்குகளும் வெவ்வேறு மாநிலங்களில், வெவ்வேறு நிறுவனங்களோடு நிகழ்ந்தவை. எனினும் அவற்றின் அடியில் ஒரே கேள்வி இருக்கிறது. வேலையின் தரத்துக்குப் பொறுப்பு ஒப்பந்தக்காரரா, வடிவமைப்பைத் தீர்மானித்த தொகுப்பாளரா, கால அட்டவணையை வகுத்த தயாரிப்பு நிறுவனமா, ஒளிபரப்பிய அலைவரிசையா? பொறுப்பு நான்காகப் பிரிந்து நிற்கையில், கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையாளர் நான்கு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது.

இலவச வீட்டின் விலை

ஏ.பி.சி.யின் 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' 2003 முதல் 2012 வரை, நோயாலும் இழப்பாலும் நொந்த குடும்பங்களுக்கு ஏழே நாட்களில் புது வீடு கட்டித் தந்தது. நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களின் உழைப்பும் கட்டுமான நிறுவனங்களின் நன்கொடையும் சேர்ந்து நிகழ்த்திய அந்தச் செயலில் உண்மையான பரிவு இருந்தது. அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. ஆனால் கதை முடிந்த இடத்திலேயே குடும்பத்தின் புதிய செலவுகள் தொடங்கின. சிறிய வீட்டின் இடத்தில் பல மடங்கு பெரிய வீடு எழுந்தபோது, அதன் மதிப்பைப் பொறுத்து விதிக்கப்படும் ஆண்டுச் சொத்து வரி உயர்ந்தது. குளிரூட்டவும் வெப்பமூட்டவும் ஆகும் மின் கட்டணம் உயர்ந்தது. குடும்பத்தின் வருமானம் மட்டும் முன்பிருந்த நிலையிலேயே இருந்தது.

ஜார்ஜியா மாநிலத்தின் லேக் சிட்டியில் 2005-இல் கட்டித் தரப்பட்ட வீடு இதன் மிக வேதனையான சான்று. ஏறத்தாழ 1,800 பேர் கைகொடுத்து எழுப்பிய அந்த வீட்டை அடமானமாக வைத்து அதன் உரிமையாளர்கள் தொழிலுக்காக 4,50,000 டாலர் கடன் பெற்றார்கள். தொழில் நொடித்துப்போக, 2008-இல் வீடு கடன் கொடுத்தவரின் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. இதைத் தனிமனிதரின் தவறான முடிவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. கையில் ரொக்கமும் நிலையான வருமானமும் இல்லாத குடும்பத்துக்கு, விற்றாலோ அடகு வைத்தாலோ அன்றிப் பயன்படாத பெரிய சொத்து ஒன்றைத் தருவது, அடமானக் கடன் எளிதாகக் கிடைத்த அந்த ஆண்டுகளில், கடனை நோக்கி அவர்களை உந்தும் செயலாகவே அமைந்தது. பிற்காலப் பருவங்களில் தயாரிப்பாளர்கள் வீடுகளின் அளவையும் ஆடம்பரத்தையும் குறைத்தது, பரிசின் நீடித்த செலவை அவர்களே உணர்ந்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

*பெட்டிச் செய்தி: பரிசும் வருமான வரியும்*

• அமெரிக்கச் சட்டப்படி போட்டி, குலுக்கல், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஆகியவற்றில் பரிசாகப் பெறும் பொருளின் சந்தை மதிப்பு பெறுபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படுகிறது.
• சொந்த வீட்டை ஆண்டில் 15 நாட்களுக்கும் குறைவாக வாடகைக்கு விட்டால், அந்த வாடகைக்கு வருமான வரி இல்லை என்று வரிச்சட்டத்தின் 280ஏ பிரிவு கூறுகிறது.
• 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்' தயாரிப்பாளர்கள் வீட்டைச் சில நாட்கள் வாடகைக்கு எடுத்ததாகவும், கட்டுமானத்தையே வாடகையாகத் தந்ததாகவும் கணக்கிட்டு இந்த விலக்கைப் பயன்படுத்தினார்கள். இந்த விளக்கம் சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்துமா என்று வரி வல்லுநர்கள் விவாதித்தார்கள்.
• ஹெச்.ஜி.டி.வி. 1997 முதல் குலுக்கலில் வழங்கிவரும் கனவு வீடுகளைப் பெற்றவர்களில் பெரும்பாலோர், வரியையும் பராமரிப்பையும் தாங்க முடியாமல் வீட்டை விற்றார்கள் அல்லது அதற்குப் பதிலாக ரொக்கத்தைப் பெற்றுக்கொண்டார்கள்.

அவசரத்துக்குக் கொடுக்கும் விலை

பட்ஜெட்டைப் போலவே காலமும் திரையில் சுருக்கப்படுகிறது. காலம் சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புச் செலவு. அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் சுவர்களில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு இருக்கலாம் என்பதால், அவற்றைச் சுரண்டும்போதும் இடிக்கும்போதும் கிளம்பும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்காதிருக்க, பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கொண்டு, தளத்தை உறையிட்டு மூடி வேலை செய்ய வேண்டும் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2010 முதல் விதித்திருக்கிறது. 'ஃபிக்ஸர் அப்பர்' காட்சிகளைப் பார்வையிட்ட அந்த முகமை, நிகழ்ச்சியின் வேலைகளைச் செய்த மேக்னோலியா ஹோம்ஸ் நிறுவனம் 33 வீடுகளில் இந்த விதிகளைப் பின்பற்றவில்லை என்று கூறியது; 2018-இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி நிறுவனம் 40,000 டாலர் அபராதம் செலுத்தவும், வேக்கோ நகர வீடுகளில் ஈய அபாயத்தை அகற்ற 1,60,000 டாலர் செலவிடவும் ஒப்புக்கொண்டது. சம்மட்டியால் சுவரை உடைப்பதைக் கொண்டாட்டமாகக் காட்டும் காட்சியில் உறையும் முகக்கவசமும் இடம்பெறாதபோது, அவற்றுக்கான செலவும் பார்வையாளரின் மதிப்பீட்டில் இடம்பெறுவதில்லை.

அனுமதிகளும் இவ்வாறே. 2019-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய 'விண்டி சிட்டி ரீஹேப்' நிகழ்ச்சியில் இடம்பெற்ற பல வீடுகளில், விதிமீறல்களின் பேரில் சிக்காகோ நகரக் கட்டடத் துறை பணி நிறுத்த ஆணைகளைப் பிறப்பித்தது. அவ்வீடுகளை வாங்கியவர்களில் சிலர் குறைபாடுகளுக்காக நீதிமன்றம் சென்றார்கள். அனுமதிக்காகக் காத்திருக்கும் வாரங்களையும் ஆய்வாளர் வந்து பார்க்கும் நாட்களையும் கதையின் வேகத்துக்காக நீக்கிவிடலாம். வீட்டில் வாழ்பவரின் பாதுகாப்பிலிருந்து அவற்றை நீக்க இயலாது.

பார்ப்பவர் வீட்டில் நிகழ்வது

அமெரிக்கர்கள் தங்கள் வீடுகளை மேம்படுத்தவும் பழுது பார்க்கவும் ஆண்டுக்கு 40,000 கோடி டாலருக்கும் மேல் செலவிடுகிறார்கள். அந்த முடிவுகளில் தொலைக்காட்சி விதைக்கும் எதிர்பார்ப்புக்கும் பங்குண்டு. அதன் முதல் சுமை சிறு ஒப்பந்தக்காரர்கள் மேல் விழுகிறது: நேர்மையாக முழுக் கூலியையும் அனுமதிக் கட்டணத்தையும் எதிர்பாராச் செலவையும் சேர்த்து மதிப்பீடு தருபவர், திரைத் தொகையோடு ஒப்பிடப்பட்டுப் பேராசைக்காரராகத் தோன்றுகிறார்; குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்து, பாதியில் தொகையை ஏற்றுபவர் வெற்றி பெறுகிறார். இரண்டாவது சுமை உரிமையாளர் மேல்: சேமிப்பைத் தாண்டிக் கடனட்டையிலும் வீட்டின் மீதான இரண்டாம் கடனிலும் வேலையை முடிக்க அவர் தள்ளப்படுகிறார்.

செலவிட்ட ஒவ்வொரு டாலரும் வீட்டின் மதிப்பில் பெருகித் திரும்பும் என்பது இந்நிகழ்ச்சிகள் பரப்பும் மற்றொரு நம்பிக்கை. அமெரிக்கச் சீரமைப்புத் துறையில் ஆண்டுதோறும் வெளியாகும் செலவு–மதிப்பு ஒப்பீட்டின் 2024 பதிப்பு அதை ஏற்கவில்லை: ஏறத்தாழ 27,000 டாலரில் முடியும் எளிய சமையலறைப் புதுப்பிப்பு, விற்கும்போது தன் செலவில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது; ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டும் ஆடம்பரச் சமையலறையோ பத்தில் நான்கு பங்கைக்கூடத் திருப்பித் தருவதில்லை. திரையில் கொண்டாடப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. தன் குடும்பத்தின் வசதிக்காக ஒருவர் அந்தச் செலவைச் செய்வது அவருடைய உரிமை. அது இலாபம் தரும் முதலீடு என்று நம்பவைக்கப்பட்டுச் செய்வதுதான் தீங்கு.

சட்டம் எங்கே நிற்கிறது?

1950-களில் அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகளில் விடைகள் முன்கூட்டியே சொல்லித் தரப்பட்டது அம்பலமானபோது, போட்டிகளின் முடிவை ஏமாற்றி அமைப்பதை நாடாளுமன்றம் 1960-இல் குற்றமாக்கியது. வீட்டுச் சீரமைப்பு நிகழ்ச்சி பெரும்பாலும் போட்டியல்ல என்பதால் அந்தச் சட்டம் அதைத் தொடுவதில்லை. ஒளிபரப்புக்காகப் பணமோ பொருளோ பெற்றால் அதை அறிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆனால் காட்சிக்கு இயல்பாகத் தேவைப்படும் பொருளை ஒருவர் இலவசமாகத் தந்தால், அதன் பெயரை மிகையாக எடுத்துக்காட்டாத வரை, அறிவிப்பு கட்டாயமில்லை என்ற விலக்கும் அதனுள்ளேயே இருக்கிறது. பிரிட்டனில் 2011 முதல், பணம் பெற்றுப் பொருளைக் காட்டும் நிகழ்ச்சிகள் அதற்கான குறியீட்டைத் திரையில் காட்ட வேண்டும். இவை அனைத்தும் விளம்பரதாரர் யார் என்பதைச் சொல்லவைக்கின்றன. அவர் தந்த பொருளால் செலவு எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்லவைக்கும் விதி எதுவும் இவற்றில் இல்லை.

விளம்பரதாரரின் செல்வாக்கு எவ்வளவு ஆழமானது என்பதை இத்துறையின் தொடக்க வரலாறே உணர்த்துகிறது. 'திஸ் ஓல்ட் ஹவுஸ்' நிகழ்ச்சியின் முதல் தொகுப்பாளரான பாப் வீலா, போட்டி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தில் தோன்றியதைப் புரவலரான ஹோம் டிப்போ ஏற்காததன் தொடர்ச்சியாக 1989-இல் விலக நேர்ந்தது. தொகுப்பாளரையே மாற்றக்கூடிய ஒரு தரப்பு, ஓர் எபிசோடின் கணக்குத் தாளில் பெயரின்றி நிற்பது பொருத்தமற்றது.

கணக்கைக் காட்டுவது கடினமல்ல

தயாரிப்பு நிறுவனங்களிடம் இந்த விவரங்கள் அனைத்தும் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு பலகைக்கும் ஆணிக்கும் ரசீது இருக்கிறது. யார் எதை நன்கொடையாகத் தந்தார் என்பதற்கு ஒப்பந்தம் இருக்கிறது. நிகழ்ச்சியின் இறுதியில் தோன்றும் ஒரே தொகையைப் பொருள், கூலி, வடிவமைப்பு, நன்கொடை, அறைக்கலன் என்று ஐந்து வரிகளாகப் பிரித்துக் காட்ட அரை நிமிடம் போதும். உரிமையாளரின் பணத்தைத் தயாரிப்பு நிறுவனத்தின் பொதுக் கணக்கில் சேர்க்காமல், வேலை முடிந்ததற்குச் சான்று கிடைத்த பின்னரே விடுவிக்கும் தனி வைப்புக் கணக்கில் வைப்பதும், குறைபாடுகளைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுத்தில் உறுதி செய்வதும், ஓராண்டு கழித்து அதே வீட்டுக்குச் சென்று வரியும் பராமரிப்பும் எவ்வளவு ஆயின என்று காட்டுவதும் இத்துறையால் இயலாதவை அல்ல.

வீடு என்பது பெரும்பாலான குடும்பங்கள் வாழ்நாளில் செய்யும் மிகப் பெரிய செலவு. அதற்காக வாங்கும் கடனும் மிகப் பெரியது. அந்தச் செலவைப் பற்றி லட்சக்கணக்கானோருக்குக் கற்பிக்கும் இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்ட ஒரு துறை, இது வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கணக்கிலிருந்து விலகிக்கொள்ள முடியாது. பங்கேற்கும் உரிமையாளர்கள் உடன்படிக்கையில் கையெழுத்திடும் முன், பணம் யாரிடம் செல்கிறது, வேலை கெட்டால் யார் பொறுப்பு, வீட்டில் எஞ்சப்போவது எது என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை பெற வேண்டும். பார்வையாளர்கள் தங்கள் வீட்டு மதிப்பீட்டைத் திரையிலிருந்தல்லாமல், உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள் சிலரிடமிருந்து பெற்று ஒப்பிட வேண்டும். அலைவரிசைகளோ, மாற்றத்தின் அழகைக் காட்டுவதற்கு எடுக்கும் அதே அக்கறையை அதன் விலையைக் காட்டுவதிலும் எடுக்க வேண்டும். விலை முழுமையாகச் சொல்லப்படும்போதுதான் அந்த அழகு தன் வீட்டுக்கும் வேண்டுமா என்று ஒரு குடும்பம் தானே தீர்மானிக்க முடியும்.